குன்னூர் சிம்ஸ் பூங்கா: இளவேனிலில் அரை நாள்

நீலகிரிக்குப் போகிறவர்களில் பலர் உதகையின் தாவரவியல் பூங்காவோடு திரும்பிவிடுகிறார்கள். இளவேனிலில் அரை நாளைச் செலவிட ஏற்ற இடம் எது என்று என்னைக் கேட்டால், குன்னூர் சிம்ஸ் பூங்காவையே சொல்வேன். 1874-இல் உருவான இப்பூங்கா, ஏறத்தாழ 12 ஹெக்டேர் பரப்பில், மலைப்பள்ளம் ஒன்றின் இயல்பான சரிவைச் சிதைக்காமல் அமைக்கப்பட்டிருப்பதால், மேலே நின்று பார்க்கும்போது மலர்ப்பாத்திகளும் புல்வெளிகளும் படிப்படியாக இறங்கி, அடியிலுள்ள சிறு ஏரியை நோக்கிச் செல்கின்றன. பாத்திகளைவிட என்னைக் கட்டிப்போட்டவை மரங்களே. ருத்திராட்ச மரத்தடியில் ஒரு வேலையுமின்றி நின்றிருந்த கால்மணி நேரம், நுழைவுக்கட்டணத்தை ஈடுசெய்துவிட்டது.

இறங்குவது எளிது, ஏறுவதுதான் மூட்டுவலிக்காரர்களுக்குச் சோதனை. முதியோர் மேல்பகுதியிலேயே அமர்ந்துகொள்ளலாம். மே மாதப் பழக்கண்காட்சியின்போது கூட்டம் நெரியும் என்பதால், ஏப்ரல் தொடக்கத்தில் ஏதேனுமொரு வாரநாளைப் பரிந்துரைக்கிறேன்.

வெளியே வந்ததும் சூடான தேநீரும், மொறுமொறுப்பான அடுமனைப் பண்டமான வர்க்கியும் வாங்கத் தவறாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. ஆனால், நனைக்கும் நேரம் சற்றே கூடினாலும், பாதி வர்க்கி கோப்பைக்குள் விழுந்துவிடும்.