வடநெம்மேலி பாம்புப் பண்ணை: அவசரமில்லாமல் போய்ப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இறங்கி, முதலையைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். அதே வளாகத்துக்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தார் விஷம் எடுத்துக் காட்டுகிறார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

கட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் வாயில் துணி கட்டிய மண்பானைகள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று பானைக்குள் இருப்பவை எல்லாம் ஆளைக் கொல்லக்கூடியவை. மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் பாம்பைக் கடிக்க விடுகிறார்கள், மஞ்சளாக நாலைந்து சொட்டு இறங்குகிறது, அவ்வளவுதான். வேறொரு ஊரில் பாம்பைக் கழுத்தில் போட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைத்ததைப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன். இங்கே ஒருவரும் வித்தை காட்டவில்லை, வேலையைச் செய்கிறார்கள், ஏன் செய்கிறோம் என்று சொல்கிறார்கள்.

நம் நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கையிலிருந்துதான் போகிறது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போன பிறகு, ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978-ல் தொடங்கிய சங்கம் இது. தோலுக்காகப் பிடித்த அதே கை இப்போது பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு காட்டில் விடுகிறது.

இவர்களைப் படிக்காத பாம்பு பிடாரர்கள் என்று நினைப்பவர்கள் 2017-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்பு பெருகி அங்குள்ள விலங்குகளைத் தின்று தீர்க்க, ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சங்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப் போனார்கள். அதுவரை பார்த்தேயிராத காடு. இருந்தும் தடத்தையும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் வைத்தே தேடி, கீ லார்கோவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்துக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பைக்கூட வெளியே கொண்டுவந்தார்கள். ஆய்வாளர்கள் அவர்கள் பின்னால் நடந்து கற்றுக்கொண்டார்கள், எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, போகிறவர்களுக்கு ஒன்று. விஷம் எடுத்து முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும், நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். தமிழில் கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள். விட்ட பாம்பே மறுபடி மாட்டினால் எப்படித் தெரியும் என்று என் மகள் கேட்டாள். ஒரு பாம்பிடம் நாலு தடவைதான் எடுப்போம் பாப்பா, அப்புறம் அடையாளம் வைத்து விட்டுவிடுவோம் என்று சொல்லி, வயிற்றுச் செதிலில் எந்த இடத்தில் நறுக்குவார்கள் என்பதைச் சங்கத்து அண்ணன் ஒருவர் தன் விரல் நகத்தின் ஓரத்தில் காட்டினார்.