12 எம்எம் என்று சொல்லி 8 எம்எம்மில் தொட்டி கட்டிவிட்டுப் போனார்கள்

வீட்டுத் தரை இன்னும் காயவில்லை. அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன். பெரிய மீன் தொட்டி கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது இரண்டு மாதச் சம்பளம்.

கேட்டது 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். சுமார் 680 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 680 கிலோ! அதனால்தான் 12 எம்எம் கண்ணாடி என்று கடையில் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னேன். மீனும் தொட்டியும் விற்கிற கடைதான், வீட்டுக்கே வந்து ஒட்டித் தருவார்கள்.

ஒட்ட வந்தவர் விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார். "கேளுங்க சார், பன்னெண்டுக்குத்தான் இந்த சத்தம் வரும்." நானும் காதைக் கொடுத்துக் கேட்டுத் தலையாட்டினேன். மேசை டிராயரிலேயே ஸ்கேல் கிடந்தது. முன்பக்கக் கண்ணாடி 12 எம்எம் என்றால் 33 கிலோ வரும், ஒரு பையன் மூச்சு வாங்காமல் தனியாகத் தூக்கி வந்தான். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா எனக்கு? கடைசியில் மேல் விளிம்பு முழுக்கக் கறுப்புப் பட்டை ஒட்டினார்கள். அழகுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்கே தண்ணி விடலாம் சார்." விட்டேன்.

மூன்றாம் நாள் இரவு, முன்கண்ணாடி வில் மாதிரி வெளியே வளைந்து நின்றது. வலது மூலையில், அடியிலிருந்து ஒரு சாண் மேலே, கண்ணாடிகளை ஒட்டியிருந்த சிலிக்கான் பசை நூலாகப் பிரிந்து தண்ணீர் பீய்ச்சியது. விடிய விடிய வாளியும் துணியுமாகக் கிடந்தோம். காலையில் கறுப்புப் பட்டையைப் பிய்த்து ஸ்கேல் வைத்தால், 8. அவர்கள் போட்டுவிட்டுப் போன சிலிக்கான் குழாயில் 'பூஞ்சை பிடிக்காது' என்று போட்டிருக்கிறது. குளியலறைக்கு அடிப்பது அது, அந்த மருந்து மீனைக் கொல்லும். நல்லவேளை, மீன் விடவில்லை.

போன் போட்டால் முதலில் "உங்க தரை மட்டமில்ல". அப்புறம் "ஓனர் வெளியூர்ல இருக்காரு". அதற்கப்புறம் "மேலயே இன்னொரு கோட் அடிச்சுத் தர்றோம், அதுக்குத் தனி சார்ஜ்". காய்ந்த சிலிக்கான்மேல் புது சிலிக்கான் சரியாகப் பிடிக்காது என்பது ஒட்டுகிறவருக்குத் தெரியாதா என்ன? பில்லைக் காட்டிப் பேசலாம் என்று எடுத்துப் பார்த்தேன். 'கண்ணாடித் தொட்டி – 1'. அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். எம்எம் எங்கேயும் இல்லை. இன்று காலையிலிருந்து போனையே எடுக்கவில்லை. இரண்டு மாதச் சம்பளம் சார், இரண்டு மாதம்!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. ஒட்டுவதற்கு முன்பே விளிம்பில் ஸ்கேல் வையுங்கள். பில்லில் எம்எம் எழுத வையுங்கள். மீன் தொட்டிக்கென்று விற்கிற சிலிக்கான்தானா என்று குழாயை வாங்கிப் படியுங்கள். இவ்வளவு பெரிய தொட்டியை ஒரு வாரமாவது காயவிட்டு, தண்ணீர் நிரப்பிப் பார்ப்பதை வெளியில் வைத்துச் செய்யுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள், நான் கொடுத்தேன்.

தொட்டியில் இன்னும் ஒரு சாண் தண்ணீர் கிடக்கிறது, டியூப் போட்டு இறைக்க வேண்டும்.