பின்சீற்றுக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன வலை: வன்னியில் ஆறரை வருட ஹைபிரிட் கார்

போன கிழமைதான் கார் கராஜில் இருந்து வீடு வந்தது. அடுத்த நாள் இடைவேளையில் எங்கள் பள்ளிக்கூடத்து இளம் ரீச்சர் ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார். "அக்கா, உங்கட கார் மாதிரியே ஒண்டு கிளிநொச்சியில விக்க நிக்குது. சொன்ன விலையில இருந்து இறங்கியும் வந்திட்டினம். வாங்கட்டோ?" மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டேன். பின்னேரம் முழுக்க அந்தக் கேள்விதான் மண்டைக்குள் நின்றது. வழியில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த சின்ன ஹைபிரிட், பெற்றோல் என்ஜினும் பெரிய பற்றரியும் சேர்ந்து ஓட்டுகிற கார். கம்பெனிப் பெயர் வேண்டாம். என்ஜின் 1.5 லீற்றர், ஐந்து பேர் இருக்கலாம், கியர் மாற்றத் தேவையில்லை. இதெல்லாம் வாங்க நினைக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

வாங்கினது 2019 தை மாதம். இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் நின்ற 2018 மார்கழி வெள்ளம் வடிந்து சில கிழமைகள்தான். பார்க்கப் போன ஒவ்வொரு காரிலும் சீற்பெல்ற்றைக் கடைசி மட்டும் இழுத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவி, சீற் உறை மாற்றி, வாசம் அடித்து நிறுத்தினாலும், பெல்ற்றின் உள்நுனியில் சேற்றுக்கோடு நிற்கும். ஒரு காரில் அந்தக் கோட்டை என் கண்ணால் கண்டேன். இந்த வகை ஹைபிரிட்டில் பெரிய பற்றரி பின்சீற்றுப் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டைக் கண்டால் விலை பேசாமல் திரும்பிவிட வேண்டும். நான் திரும்பினேன், வேறு கார் எடுத்தேன். எடுத்த கார் நல்ல கார்.

நல்ல கார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கோபம் வந்தால் சொல்ல மறந்துவிடுவேன்.

வட்டக்கச்சியில் வீடு, புதுக்குடியிருப்புப் பக்கம் பள்ளிக்கூடம். போக வர ஐம்பத்தைந்து கிலோமீற்றர். தருமபுரத்தில் பெரிய றோட்டுக்கு ஏறினால் விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம் என்று ஏ35 இழுத்துக்கொண்டு போகும். அறுபதில் ஓடினால் லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் தாராளமாகத் தரும். காலமை ஐந்தேமுக்காலுக்கு வளவில் இருந்து எடுத்தால் ஒரு சத்தமும் இருக்காது, பக்கத்து வீட்டு நாய்கூடத் தலை தூக்காது. இருட்டில் றோட்டில் படுத்திருக்கிற மாடுகளுக்கும் அந்தச் சத்தம் கேட்காது என்பதால் நான் தூரத்திலேயே லைற் அடித்து, வேகத்தைக் குறைத்துத்தான் போவேன்.

2022இல் இந்தக் கார் செய்ததை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். ஆனி மாதம் பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறியது. காசு இருந்தாலும் எண்ணெய் இல்லை, பெற்றோல் செற்றில் இரவு பகலாக வரிசை. பிறகு கியூஆர் முறை வந்தது: தொடக்கத்தில் கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. எனக்கு ஐந்து நாள் ஓட்டத்துக்கு 14 லீற்றர் போதும். ஆறு லீற்றர் மிஞ்சும். அந்த ஆறில்தான் பக்கத்து வீட்டு அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். ரீச்சர்மாரை ஏற்றுகிற வான் நின்றுபோனதால் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மூன்று பேர் என்னோடு வந்தார்கள். ஒரு நாளும் பள்ளிக்கூடம் பிந்திப் போனதில்லை. எண்ணெய் இல்லாமல் ஊரே முடங்கின காலத்தில் ஒரு கார் இப்படி உழைத்தால் அதன்மேல் பாசம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்த மூன்று பேரும் தங்கள் பைகளை எங்கே வைத்தார்கள் என்பதுதான் கதை.

பின்சீற்றின் கரையில், கதவுக்குக் கிட்டவாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்ரிக் வலை இருக்கிறது. காற்றுப் போகிற ஓட்டை. நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பயிற்சிக் கொப்பிக் கட்டு, சாப்பாட்டுப் பை, சந்தையில் வாங்கின மரக்கறி, எல்லாம் அந்த மூலைக்குள்தான் போகும். அந்த வலை எதற்கு என்று எனக்கு ஆறு வருடமாக ஒருவரும் சொல்லவில்லை.

அது பற்றரி மூச்சு விடுகிற மூக்கு. உள்ளே, மெக்கானிக்மார் செல் என்று சொல்லுகிற துண்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் உண்மையான செல் ஆறு, ஒவ்வொன்றும் 1.2 வோல்ற், ஆக 7.2 வோல்ற். பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் உள்ளே போகும், அக்சிலேற்றரை மிதிக்கும்போது வெளியே வரும், இரண்டு தரமும் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தணிக்கிறது ஒரு சின்ன ஃபான். காருக்குள் இருக்கிற ஏசிக் காற்றை அந்த வலைக்குள்ளால் உறிஞ்சிப் பற்றரிக்கு மேலால் ஓட்டும். காற்றுக் குறைந்தால் நடுவில் இருக்கிற துண்டுகள்தான் முதலில் வெந்து பழுதாகும்.

இப்ப எங்கள் ஒழுங்கையைப் பாருங்கள். தார் றோட்டில் இருந்து வீட்டுக்கு வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீற்றர் கிறவல். மாரியில் சேறு, அது கழுவினால் போகும். சிறுபோக நேரம் சோளகக் காற்று எழும்பினால்தான் வினை. முன்னால் ஒரு டிப்பர் போனால் முன்கண்ணாடியில் செம்மண் திரை இழுத்த மாதிரி இருக்கும். நான் ஏசிக்குக் காசு மிச்சம் பிடிப்பதாக நினைத்து, ஒழுங்கைக்குள் இறங்கினதும் கண்ணாடியைத் திறந்துவிடுவேன். காருக்குள் வந்த புழுதியெல்லாம் ஃபானுக்குள் போயிருக்கிறது.

2023 சித்திரை வெயிலில் முதல் தரம் சிவப்பு எச்சரிக்கை லைற் எரிந்தது. ரவுணில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் சொல்லமாட்டேன். ஸ்கானர் போட்டார்கள், "ரெண்டு செல் செத்திட்டுது ரீச்சர்" என்றார்கள், மாற்றினார்கள், 35,000 ரூபாய். ஒன்பது மாதத்தில் திரும்ப லைற். திரும்பவும் இரண்டு செல், திரும்பவும் 35,000. பழைய துண்டுகளுக்கு நடுவில் புதுசாக இரண்டைப் போட்டால் அவை ஒன்றோடொன்று ஒத்துப் போகாது, அடுத்த பலவீனமானது விழும் என்பதை இப்ப அறிந்தேன். அதைக்கூட மன்னித்துவிடலாம். இரண்டு தரமும் பற்றரியை வெளியே எடுத்தவர்கள், அதோடு ஒட்டியிருக்கிற ஃபானைத் திறந்து பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உழைத்த காசு. பெரும்போக உரத்துக்கு வைத்திருந்த காசில் இருந்து எடுத்துக் கொடுத்தது.

இந்த முறை மூன்றாம் தரம் லைற் எரிய வேறு இடத்துக்குப் போனேன். இருபத்தைந்து வயது இருக்கும் பெடியன். ஸ்கானரை எடுக்க முதலே பின்கதவைத் திறந்து, அந்த வலையைக் கழட்டி, விரலை உள்ளே விட்டான். விரல் சிவப்பாக வந்தது. பிறகு ஃபானைக் கழட்டிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தான். இதழுக்கும் இதழுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. செம்மண் படிந்து, அதில் தலைமயிரும் சீலை நூலும் பென்சில் சீவினதும் ஒட்டி, குளவிக்கூடு மாதிரி இறுகியிருந்தது. பழைய பேப்பரை விரித்துப் பிரஷ்சால் தட்டத் தட்ட அரைச் சிரட்டை மண் விழுந்தது. எங்கள் ஒழுங்கை மண். நிறத்தைப் பார்த்தே சொல்லுவேன்.

"வருசத்துக்கு ரெண்டு தரம் இதைக் கழட்டி ஊதியிருந்தா இந்தப் பற்றரி இன்னும் கொஞ்சக் காலம் ஓடியிருக்கும் ரீச்சர்." ஊதுவதற்கு அவன் கேட்கிற கூலி 2,500 ரூபாய். நான் கொடுத்தது முழுப் பற்றரிக்கு 1,80,000.

கழட்டின வலைக்குப் பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு சின்ன ஸ்ரிக்கர். ஆறு வருடமும் அது அங்கேதான் இருந்தது. பெடியன் கைபேசியைப் பிடித்து மொழிபெயர்த்துக் காட்டினான்: காற்று வழியை மூடக் கூடாதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் காரில் பிழை சொல்ல முடியாது. செய்தவன் எழுதி ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறான். கார்பெட் றோட்டும் குளிர்நாடும் நினைத்துச் செய்த சாமானைக் கொண்டுவந்து கிறவலில் ஓடவிட்டது நாங்கள். பற்றரியும் நான் வாங்கும்போதே ஏழு வயது. கணக்குப் போட்டாலும் அப்படித்தான் வருகிறது. சாதாரணக் கார் என்றால் கிழமைக்கு நாலு லீற்றராவது கூடக் குடித்திருக்கும். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்த மாதங்களைக் கழித்தாலும் ஆறரை வருடத்தில் இரண்டரை லட்சம் அளவில் மிச்சம். மூன்று திருத்தத்துக்கும் போனதும் இரண்டரை லட்சம். சரிக்குச் சரி. அந்தச் சத்தமில்லாத காலமைகளும் 2022ஆம் ஆண்டும் மேலதிக இலாபம் என்றுகூடச் சொல்லலாம்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, கேள்வி கேட்ட அந்த ரீச்சர் தங்கச்சிக்கு நான் சொல்லுகிறது: வாங்காதை.

அவள் இருப்பது ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, முத்தையன்கட்டுப் பக்கம். எனக்கு இரண்டு கிலோமீற்றர் கிறவல், அவளுக்கு ஏழு. காலமை ஏழு, பின்னேரம் ஏழு. வன்னியில் கார் தேடுகிறவர்கள் ஏ9இல் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வீட்டுப் படலையில் இருந்து தார் தொடங்குகிற இடம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய் மீற்றரைப் பார்த்து அளந்துவிட்டுத்தான் கார் பார்க்கத் தொடங்க வேண்டும். என் காருக்கு அடிக்கும் நிலத்துக்கும் இடையில் 140 மில்லிமீற்றர். அதுக்குப் பதிலாக நான் சொல்லுகிற சின்னப் பெற்றோல் கார் அல்ரோ 800க்கு 160. இருபது மில்லிமீற்றர் என்ன பெரிய விசயம் என்று கேட்பார்கள். உழவு மெசின் போய்ப் போய் ஒழுங்கைக்கு நடுவில் எழும்பி நிற்கிற திட்டில் அடி உரசுகிற சத்தத்தை மார்கழியில் ஒரு தரம் கேட்டால் விளங்கும். அல்ரோவுக்கு 796 சிசி என்ஜின், கையால் மாற்றுகிற கியர், ஒட்டுசுட்டானிலேயே திறந்து பார்க்க ஆள் இருக்கும். எண்ணெய் கொஞ்சம் கூடக் குடிக்கும். குடிக்கட்டும். நெல் மூட்டை, உரம் எல்லாம் எப்படியும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில்தான் போகப்போகிறது, அதைக் காரில் ஏற்ற நினைத்துப் பெரிதாக எடுக்கவும் வேண்டாம்.

2020 பங்குனியில் நிறுத்தின வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 மாசியில்தான் திறந்தது. அதனால் எங்கள் காசுக்கு அகப்படுகிற ஹைபிரிட் எல்லாம் பத்து வருடம் தாண்டினவை. முதல் பற்றரியோ, என்னுடையது மாதிரி இரண்டு இரண்டாகச் செல் மாற்றினதோ, வெளியில் பார்த்துத் தெரியாது.

என் காரை நான் விற்கவில்லை. ஒழுங்கைக்குள் கண்ணாடி பூட்டித்தான் வருகிறேன். பள்ளிக்கூடத்தில் வேப்பமரத்துக்குக் கீழே விடுகிறேன், பின்னேரம் நாலு கதவையும் திறந்து சூட்டைப் போகவிட்டுத்தான் எடுக்கிறேன். பின்சீற்றுக் கரையில் ஒரு கொப்பிகூட வைக்க விடுவதில்லை. அடுத்த ஊதுதல் தைப்பொங்கலுக்கு முதல் கிழமை என்று கலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவள் கேட்கமாட்டாள், அந்த வெள்ளை நிறத்தில் ஆசைப்பட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்படியென்றால் சனிக்கிழமை காலமை நானும் கிளிநொச்சிக்கு வருகிறேன் தங்கச்சி, அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு. விலை பேச முதல் வலையைக் கழட்டச் சொல்லு.