ஹைட்ரஜன் கார் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா, பேட்டரி காரே போதுமா? ஒரு யூனிட் கணக்கு

என் மச்சான் (வீட்டுக்காரியோட அண்ணன்) தூத்துக்குடில இருக்காரு. பத்து வருஷப் பழைய டீசல் கார் வச்சிருக்காரு, மூணு வருஷமா மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டே இருக்காரு, மாத்தினபாடு இல்ல. ஏன்னு கேட்டா "ஹைட்ரஜன் வருது மாப்ள, இப்பப் போய் பேட்டரி வண்டி வாங்குறது கலர் டிவி வர்ற நேரத்துல பிளாக் அண்ட் ஒயிட் வாங்குற மாதிரி"ம்பாரு. 2022 மார்ச்ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி டொயோட்டா மிராய்ங்கற ஹைட்ரஜன் கார்ல பார்லிமென்டுக்கு வந்து இறங்கின வீடியோவ எனக்கு நாலு தடவையாவது ஃபார்வர்ட் பண்ணிருப்பாரு. 2025 செப்டம்பர்ல அவங்க ஊர் வ.உ.சி துறைமுகத்துலயே பச்சை ஹைட்ரஜன் (காற்றாலை, சோலார் கரண்ட்ல தண்ணியப் பிரிச்சு எடுக்கறது) பைலட் பிளான்ட் திறந்தாங்களா, அதுக்கப்புறம் மனுஷன கையில பிடிக்க முடியல.

நான் ரெண்டு வருஷமா பேட்டரி கார் ஓட்டுறேன். அதனால எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கு, முதல்லயே ஒத்துக்கிறேன். ஆனா போன லீவுல அவர் வீட்டு மொட்டை மாடில உக்காந்து ரெண்டு பேரும் பேப்பர்ல கணக்கு போட்டோம், அதை அப்படியே இங்க எழுதுறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

முதல்ல ஒண்ணு. ஹைட்ரஜன் கார்ல ஹைட்ரஜன் பெட்ரோல் மாதிரி எரியறதில்ல. மிராய் மாதிரி கார்ல ஃப்யூயல் செல்னு ஒரு பெட்டி இருக்கும், அதுக்குள்ள ஹைட்ரஜனும் காத்துல இருக்கற ஆக்சிஜனும் சேர்ந்து கரண்ட் வரும், அந்தக் கரண்ட்ல மோட்டார் ஓடும், பின்னாடி தண்ணி சொட்டும். அதாவது அதுவும் எலக்ட்ரிக் கார்தான். ஒண்ணு கரண்ட்ட பேட்டரில சேர்த்து வச்சு ஓடுது, இன்னொண்ணு கரண்ட்ட வாயுவா மாத்தி சிலிண்டர்ல அடைச்சு மறுபடி கரண்ட்டா மாத்தி ஓடுது. அப்ப கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், 100 கிலோமீட்டர் போக எத்தனை யூனிட் கரண்ட் உள்ள போகுது?

தண்ணிய பிரிச்சு ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க இப்ப இருக்கற மெஷின்ல 50ல இருந்து 55 யூனிட் ஆகும். அதை 700 பார் அழுத்தத்துக்கு ஏத்தி, கார்ல அடிக்கறதுக்கு முன்னாடி மைனஸ் 40 டிகிரி பக்கம் குளிர வைக்கணும் (நம்ம சிஎன்ஜி ஆட்டோல 200 பார்தான்), அதுக்கு ஒரு நாலஞ்சு யூனிட். கூட்டிக் கழிச்சு 60னு வைங்க. அந்த ஒரு கிலோவுக்குள்ள இருக்கற சக்தி 33 யூனிட்தான், பாதிக்குப் பக்கம் இங்கயே காலி. ஃப்யூயல் செல் அதுல இன்னொரு பாதியை சூடா விட்டுட்டு மோட்டாருக்கு 17, 18 யூனிட் குடுக்கும். மிராய்க்கு ஒரு கிலோவுக்கு ரோட்ல 100 கிலோமீட்டர் சொச்சம் வரும்.

என் கார் சுவத்து பிளக்குல இருந்து 100 கிலோமீட்டருக்கு சார்ஜர்ல வீணாகறதையும் சேர்த்து 16, 17 யூனிட் இழுக்கும். மச்சான் உடனே "மிராய் பெரிய வண்டி, உன் வண்டி தீப்பெட்டி"ன்னாரு. நியாயம்தான். சரி, அதே சைஸ் பேட்டரி செடானுக்கு 20னே போடுங்க. அப்பவும் 60க்கு 20. ஒரே காத்தாடில இருந்து வர்ற அதே கரண்ட்ல ஹைட்ரஜன் கார் ஒண்ணு ஓடினா பேட்டரி கார் மூணு ஓடும்.

இப்ப ரூபாய். யூனிட் 10 ரூபாய்னு ரவுண்டா வச்சா பேட்டரி கார் 100 கிலோமீட்டருக்கு 200 ரூபா. ஹைட்ரஜன் கரண்ட் செலவு மட்டுமே 600. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுக்கற பெட்ரோல் காருக்கு, லிட்டர் நூறு ரூபாய்னா, 670 வருது. பாத்தீங்களா, மெஷின் விலை, லாரி வாடகை, பங்க்காரன் லாபம், வரி எதுவும் சேர்க்காமலே ஹைட்ரஜன் பெட்ரோல்கிட்ட வந்து நிக்குது.

இங்கதான் மச்சான் நல்ல பாயின்ட் ஒண்ணு எடுத்தாரு. "எவன் 10 ரூபா கரண்ட்ல ஹைட்ரஜன் பண்ணுவான்? காத்து சீசன்ல கயத்தாறு, முப்பந்தல் பக்கமெல்லாம் கரண்ட் வேணாம், காத்தாடிய நிறுத்துன்னு சொல்றாங்கல்ல, அந்த வீணாப் போற கரண்ட்ல பண்ணுவான்"னாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மெஷின் ஓசில வராதே. ஹைட்ரஜன் எடுக்கற எலக்ட்ரோலைசர் கோடிக்கணக்குல முதலீடு, மிச்சக் கரண்ட் வர்ற நேரத்துல மட்டும் அதை ஓட்டுறது முகூர்த்த நாள்ல மட்டும் ஓடுற கல்யாண மண்டபம் மாதிரி. கல்யாணத்துக்கு வாடகை எவ்வளவு வாங்கினா வருஷம் பூரா லோனுக்கு வட்டி கட்ட முடியும்? அந்த வாடகைதான் கிலோ விலைல வந்து ஏறுது. சரி 24 மணி நேரமும் ஓட்டலாம்னா ராத்திரிக்கு கிரிட் கரண்ட் வாங்கணும், மிச்சக் கரண்ட் கதை அங்கயே முடிஞ்சிடும்.

நெஜ விலை வேணும்னா பானிபட்ல இந்தியன் ஆயில் வருஷத்துக்கு 10,000 டன் பிளான்ட்டுக்கு 2025ல முடிவு பண்ண ரேட் இருக்கு, கிலோ 397 ரூபா. என் 600 கணக்கவிட நல்லா கம்மி, அதை மறைக்க மாட்டேன், பெரிய பிளான்ட்டுக்கு மலிவுக் கரண்ட் கிடைக்கும். ஆனா அது சுத்திகரிப்பு ஆலை வாசல்லயே பண்ணி அங்கயே குழாய்ல விடற ரேட். பானிபட்ல பண்ணதை லாரில ஏத்தி 700 பார்ல அடைச்சு தூத்துக்குடி பங்க்ல மச்சான் வண்டில அடிக்கற ரேட் இல்ல. அந்த லாரி விஷயமே தனிக் கூத்து. ஸ்டீல் சிலிண்டர் அடுக்கின பெரிய டிரெய்லர் ஒண்ணு 300, 400 கிலோ ஹைட்ரஜன்தான் தூக்கும். மிராய் டேங்க் 5.6 கிலோ, அப்ப ஒரு லோடுக்கு அம்பதுல இருந்து எழுபது கார். பெட்ரோல் டேங்கர் ஒரு லோடு வந்து இறங்கினா பங்க்காரர் நானூறு காருக்கு மேல அடிச்சிட்டுப் போவாரு.

பேட்டரி பக்கம் எல்லாம் சுகம்னு நெனச்சுக்காதீங்க. அந்தத் தூத்துக்குடி பயணத்துலயே வாங்கிக் கட்டிக்கிட்டேன். என் கார்ல 30 யூனிட் பேட்டரி. தாம்பரத்துல இருந்து ஃபுல் சார்ஜ்ல கெளம்பி விழுப்புரத்துல ஒரு டீ, ஒரு சார்ஜ்னு பிளான். அங்க போனா மெஷின் ஸ்கிரீன் கருப்பா கெடக்கு, ஆப்ல மட்டும் பச்சையா 'அவைலபிள்'னு காட்டுது. வாட்ச்மேன் "நேத்துல இருந்தே அப்படித்தான் சார், கம்ப்ளைன்ட் குடுத்திருக்கு"ன்னாரு. ஏசிய ஆஃப் பண்ணி, 60ல லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டே உளுந்தூர்பேட்டை போய்ச் சேந்தப்ப 8 சதவீதம். மாமியார் சேலைத் தலைப்பால விசிறிக்கிட்டே ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தாக் கூடப் பரவால்ல. அங்க எங்களுக்கு முன்னாடி ரெண்டு வண்டி, நம்ம டர்ன் வந்து ஏத்தி முடிக்க ரெண்டு மணி நேரம் போச்சு. மிராய்க்கு அஞ்சு நிமிஷத்துல டேங்க் ஃபுல்லாம். அந்த உளுந்தூர்பேட்டை வெயில்ல அஞ்சு நிமிஷம்னா எவ்வளவு விலை வேணாலும் குடுத்திருப்பேன், உண்மையச் சொல்லணும்ல.

ஆனா அந்த அஞ்சு நிமிஷம் ஸ்டேஷன் இருந்தாத்தானே. கலிஃபோர்னியாவுல மிராய விக்கறதுக்கு டொயோட்டாவே 15,000 டாலர் வரைக்கும் எரிபொருள் கார்டு சேர்த்துக் குடுத்துச்சு. அப்புறம் அங்க கிலோ விலை 36 டாலர் தொட்டுச்சு, ஒரு டேங்க் ரொப்ப 200 டாலர். 2024 பிப்ரவரில எண்ணெய்க் கம்பெனி ஷெல் கார்களுக்கான தன்னோட ஸ்டேஷன்கள அங்க மூடிட்டான். இருக்கற ஸ்டேஷன்லயும் வரிசையா கார் வந்தா திரும்ப அழுத்தம் ஏற வரைக்கும் நிக்கணும், குளிர்ல முனை கார் வாயோட ஒட்டிக்கும். விழுப்புரத்துல சார்ஜர் செத்தா நான் ஏதாவது லாட்ஜ் ரிசப்ஷன்ல கெஞ்சி 15 ஆம்ப் பிளக்குல போட்டு ராத்திரி தங்கிட்டாவது போயிருவேன், வண்டியக் கட்டி இழுக்க வேண்டியதில்ல. ஹைட்ரஜன் தீந்தா எந்த லாட்ஜ்ல கேக்கறது?

பஸ் கதை இன்னும் சுலபம். பிரான்ஸ்ல மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பஸ் வாங்கற திட்டத்த 2022 ஜனவரில ரத்து பண்ணிச்சு. காரணம், பேட்டரி பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 15 சென்ட் ஆகற எடத்துல ஹைட்ரஜன் பஸ்ஸுக்கு 95 சென்ட். நம்ம சென்னைல எம்டிசி 2025 ஜூன் கடைசில வியாசர்பாடி டெப்போல இருந்து விட்ட 120 பஸ்ஸும் பேட்டரிதான். சிட்டி பஸ் தினமும் ஒரே ரூட்ல ஓடி ராத்திரி ஒரே டெப்போக்கு வந்து தூங்குது, அங்க ஒயர மாட்டி விட்டா முடிஞ்சுது.

ரயில் பத்தி மச்சான் பெருமையா சொன்னாரு, நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைலயே ஹைட்ரஜன் ரயில் பண்ணிருக்காங்கன்னு. ஆமா, ஹரியானாவுல ஜிந்த்–சோனிபட் ரூட்டுக்கு. இன்ஜினியரிங்கா பாத்தா எனக்கும் பெருமைதான். ஆனா நம்ம நாட்டு அகல ரயில் பாதைல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் மேல கம்பி போட்டாச்சு. தலைக்கு மேல கரண்ட் ஓடுற ஊர்ல சிலிண்டர் கட்டிக்கிட்டு ஏன் ஓடணும்? ஊட்டி மாதிரி மலைப் பாதைகளுக்குன்னு 35 ரயில், ஒண்ணு 80 கோடின்னு ஒரு திட்டமும் அரசு சொல்லிருக்கு. ஊட்டி ரயில்ல புகை இல்லன்னா டூரிஸ்ட் போட்டோ எடுக்க வருவானான்னு தெரியல, அது வேற கதை. ஜெர்மனில லோயர் சாக்சனி மாநிலம் 2022ல 14 ஹைட்ரஜன் ரயில் விட்டு ஊரெல்லாம் பேசுச்சு, அடுத்த வருஷமே இனிமே வாங்கறது பேட்டரி ரயில்தான்னுட்டாங்க.

அப்ப ஹைட்ரஜனே வேஸ்ட்டான்னா இல்லவே இல்ல. கார்ல அதுக்கு வேலை இல்லங்கறேன், அவ்வளவுதான். மணலில உர ஆலை இருக்கு, தூத்துக்குடில ஸ்பிக் இருக்கு, யூரியா பண்ண அமோனியா வேணும், அமோனியா பண்ண ஹைட்ரஜன் வேணும், அதுக்கு பேட்டரிய எங்க சொருகறது? டீசல்ல கந்தகம் எடுக்க சுத்திகரிப்பு ஆலைக்கு வேணும். இரும்புத் தாதுவ நிலக்கரி இல்லாம உருக்காக்க ஸ்வீடன்ல லூலியோவுல ஹைட்ரஜன வச்சு 2021லயே செஞ்சு காட்டிட்டாங்க. இந்தியாவுல வருஷத்துக்கு சுமார் 50 லட்சம் டன் ஹைட்ரஜன் ஏற்கனவே செலவாகுது, பெரும்பாலும் இயற்கை எரிவாயுல இருந்து எடுக்கறது. மத்திய அரசோட பச்சை ஹைட்ரஜன் மிஷன்ல 2030க்குன்னு 2023ல வச்ச இலக்கும் அதே 50 லட்சம் டன்தான். எரிவாயுல இருந்து எடுக்கற அந்த ஹைட்ரஜனோட கார்பன் அழுக்க கழுவவே அது சரியாப் போயிடும், இதுல கார் எங்க வருது.

துறைமுக பிளான்ட்டையும் மச்சான் விடல. மணிக்கு 10 கன மீட்டர், அதாவது ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. அந்த ஹைட்ரஜன வச்சு என்ன பண்றாங்கன்னா துறைமுகக் குடியிருப்புல தெரு விளக்கு எரிய விடறாங்க, கூடவே எலக்ட்ரிக் வண்டி சார்ஜ் பண்ற ஸ்டேஷன் ஒண்ணு. அதாவது கரண்ட்ல ஹைட்ரஜன் பண்ணி, ஹைட்ரஜன்ல கரண்ட் பண்ணி, அதை பேட்டரி கார்ல ஏத்தறாங்க. பைலட் பிளான்ட், கத்துக்கறதுக்குத்தான், கேலி பண்ணக் கூடாது. ஆனா நான் சிரிச்சிட்டேன், மச்சானும் சிரிச்சிட்டாரு.

பேட்டரி மாத்தற செலவு பத்தி கேட்டாரு. உலக சராசரில பேட்டரி பேக் விலை 2010ல ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1000 டாலருக்கு மேல இருந்துது, 2024ல 115 டாலர். என் 30 யூனிட்டுக்கு அந்தக் கணக்குல மூணு லட்சம் பக்கம், சர்வீஸ் சென்டர்ல சொல்ற ரேட் அதுக்கு மேலதான் இருக்கும். எட்டு வருஷ வாரன்டி இருக்கு, அதுக்குள்ள இன்னும் எறங்கும்னு நம்பிக்கிட்டு இருக்கேன். வீட்டு மீட்டர்லயே சார்ஜ் போடறவங்க இன்னொண்ணும் பாத்துக்கணும், ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா மேல உள்ள யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ் ஸ்லாப் ரேட்டும் சேர்ந்து மாறும். எனக்கு முதல் பில் வந்தப்ப வீட்ல பெரிய பஞ்சாயத்து.

இவ்வளவும் பேசி முடிச்சு பாயைச் சுருட்டறப்ப மச்சான் மெதுவா ஒண்ணு சொன்னாரு. போன வருஷமே ஒரு பேட்டரி கார் புக் பண்ணப் போயிருக்காரு. அபார்ட்மென்ட் செக்ரட்டரி பார்க்கிங்ல பிளக் பாயின்ட் குடுக்க முடியாதுன்னுட்டாராம், தீப் பிடிக்கும்னு பயம், காமன் மீட்டர்ல யார் பில் கட்டறதுன்னு சண்டை. அதுக்கப்புறம்தான் இந்த ஹைட்ரஜன் ஆசையே வந்திருக்கு.

மறுநாள் காலைல எலக்ட்ரீஷியன கூட்டிட்டு வந்தோம். அவர் வீட்டு மீட்டர் போர்டுல இருந்து பார்க்கிங் தூண் வரைக்கும் டேப் வச்சு அளந்தாரு, 58 மீட்டர். ஃபோர் ஸ்கொயர் எம்எம் ஒயர், பைப்புக்குள்ள, தனி எம்சிபி, ஆர்சிசிபி (கோளாறு, கசிவுன்னா தானா கரண்ட்ட வெட்டற சுவிட்சுகள்) எல்லாம் போட்டு எஸ்டிமேட் எழுதிக் குடுத்தாரு. அதையும் சேர்த்து வச்சு செக்ரட்டரிக்கு மனு எழுதிருக்கோம், ஞாயித்துக்கிழமை மீட்டிங்காம்.