22 காந்தக் குண்டும் பொய் சொல்லும் ஒரு பெட்டியும்

மட்டக்களப்பு டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் 2,850 ரூபாவுக்கு வாங்கிய, ஆட்டக்காரர் எங்கே நிற்பது என்று காட்டுகிற உதைபந்தாட்டக் காந்தப் பலகை இது. இரண்டாக மடியும். விரித்தால் 45 சென்ரிமீற்றர் நீளம். சிவப்பும் நீலமுமாக 22 குண்டு, ஒரு பேனை. மூன்று கிழமை பாவித்துவிட்டு எழுதுகிறேன்.

கல்லடியில் எங்கள் பகுதிப் பெடியன்களைப் பழக்குகிறேன். நானும் ஒரு காலத்தில் ரைட் பெக், வலப்பக்கப் பின்கள ஆள். தொடர் தொடங்குமுன் வைக்கிற சிநேகபூர்வ ஆட்டங்களில் எனக்குக் கோல் கணக்கு பெரிதில்லை; பின்னால் நிற்கிற நாலு பேரும் ஒரே கயிற்றில் கட்டினதுபோல் நகர்கிறார்களா என்பதைத்தான் பார்ப்பேன். எங்கள் பெடியன்களுக்கு ஆளுக்கு ஆள் பிடித்துத்தான் பழக்கம். எதிராளி தேத்தண்ணி குடிக்கப் போனாலும் கூடப் போவான்கள். இந்த முறை இடத்தைக் காக்கிற முறைக்கு மாற்ற நினைத்தேன். தோற்றாலும் புள்ளி போகாத நேரம் இதுதானே. இரு பக்கமும் பேசி நடுவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஐந்து பேருக்கு மேலும் மாற்றலாம் என்பதால், பாதிக்கு ஒரு ஸ்டொப்பர் சோடி, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கிற இரண்டு பேர், இறக்கிப் பார்த்தேன். கோர்னருக்கு நிற்கிற ஒழுங்கை மட்டும் காட்டவில்லை. வேலியோரம் நின்று பார்க்கிறவர்களில் பாதிப்பேர் தொடரில் எங்களோடு மோதப்போகிறவர்கள்!

பலகை இதற்கு நன்றாக உதவியது. வாயால் அரைமணி சொல்லியும் ஏறாத ஒருவன், குண்டைத் தானே தள்ளிப் பார்த்துவிட்டு, "அண்ணன், அவன் வெளியே போனா நான் உள்ளுக்குள்ள வரணும், என்ன?" என்றான். அந்த ஒரு கேள்விக்கே காசு சரி.

ஆனால் முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினோம். பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையில் எதிரணியின் பத்தாம் இலக்கக்காரன் கடற்கரையில் காற்று வாங்குவதுபோல் நடந்தான். பெடியன்களை ஏசினேன். இரவு வீட்டில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால், பிழை பலகையில். கோலுக்கு முன்னால் கீறுகிற பெனல்டிப் பெட்டியின் உண்மையான ஆழம் 16.5 மீற்றர். 100 மீற்றர் மைதானத்துக்கு இந்தப் பலகையில் அது ஏழரை சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். கீறியிருப்பதோ 11. பின்வரிசையைப் பெட்டியின் விளிம்பிலும், நடுவரிசையைப் பெட்டிக்கும் நடுக்கோட்டுக்கும் சரிபாதியிலும் வைத்துக் காட்டினேன். பலகையில் அது 13 மீற்றர் இடைவெளி. கிறவுண்டில் அதே அடையாளங்களைப் பார்த்து நின்றால் கிட்டத்தட்ட 17. எண்பதுகளின் கடைசியில் இத்தாலியின் மிலான் அணியைப் பழக்கிய அரிகோ சாக்கி, கடைசிப் பின்கள வீரனிலிருந்து முன்களவீரன் வரை 25 மீற்றருக்குள் நிற்கச் சொன்னவர். நான் இரண்டு வரிசைக்கே 17 கொடுத்திருக்கிறேன்.

கடைக்காரர் "கோடு எப்படி இருந்தா என்ன தம்பி, விளையாடுறது நிலத்திலதானே" என்றார். மாற்றித் தரவில்லை. அழியாத மையால் புதுப் பெட்டி கீறிக்கொண்டேன். இரண்டாம் ஆட்டத்தில் இடைவெளி ஒடுங்கியது. ஒரு கோல்தான் வாங்கினோம், அதுவும் பெனல்டி.

மற்றபடி காந்தம் பலமானது. கச்சான் காற்றுக்குப் பலகை இரண்டுதரம் கவிழ்ந்தும் ஒரு குண்டும் கழலவில்லை. பேனை ஒரு கிழமையில் காய்ந்துவிட்டது. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். வாங்குவதென்றால் அடிமட்டத்தோடு கடைக்குப் போங்கள்.

நீலக் கோல்காப்பாளரை மட்டும் யாரோ மணலில் தொலைத்துவிட்டான். இப்போது அந்த இடத்தில் ஒரு நெக்டோ சோடா மூடி நிற்கிறது.