டாட்டர்சால்ஸ் அக்டோபர் ஏலக் கேட்டலாக்: குட்டிக்கு ஒரு பக்கம்

இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் ஆண்டுதோறும் அக்டோபரில் டாட்டர்சால்ஸ் நிறுவனத்தின் ‘புக் 1’ குதிரை ஏலம் நடக்கிறது. ஒரு வயது தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) குட்டிகளுக்கு ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய மேடை இல்லை. 2013-ல் கலிலியோ என்ற பொலிகுதிரையின் பெண் குட்டி ஒன்று 50 லட்சம் கினிக்கு இங்கேதான் விலைபோனது. இங்கே இன்னமும் கினிக் கணக்குதான். ஒரு கினி என்பது 1.05 பவுண்டு. ஏலத்துக்கு முன்பே வரும் கேட்டலாக்கை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். குட்டிக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் வம்சம். இந்த மதிப்பீடு அந்தப் பக்கத்தைப் பற்றியது.

நேரடியாகச் சொன்னால், அச்சில் இருப்பதை நம்பலாம். பட்டியலிடும் விதிகள் சர்வதேச அளவில் ஒன்றுபோல வகுக்கப்பட்டவை, வெற்றிகளை இட்டுக்கட்ட வழியில்லை. ஆனால் எதைத் தூக்கிக் காட்டுவது, எதை ஒரு சொல்லில் முடிப்பது என்பதில் பக்கம் முழுக்க விற்பவர் பக்கம் சாய்ந்திருக்கும். அது தெரிந்து படிப்பவருக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. தெரியாமல் படித்தால் கைக்காசுக்கு ஆபத்து.

மேலே ஒரு கட்டத்தில் மூன்று தலைமுறை இருக்கும். அதன் கீழே தகப்பனின் சாதனைகள் சில வரிகளில். மீதிப் பக்கம் முழுவதும் தாய், பாட்டி, பூட்டி என்று பெண்வழியில் இறங்கும். இவர்களை முதல் தாய், இரண்டாவது தாய், மூன்றாவது தாய் என்று எண்ணுவார்கள். நம்மூரில் கோத்திரம் தகப்பன் வழி, இங்கே எல்லாம் தாய்வழி. ஒரே தாய்க்குப் பிறந்ததைத்தான் அரைச் சகோதரன் என்பார்கள். தகப்பன் ஒன்றாக இருந்தால் அது உறவாகவே எண்ணப்படாது. காரணம் எளிது: பெயர்பெற்ற பொலிகுதிரை ஒரே பருவத்தில் 150 பெட்டைகளுக்கு மேல் சேரும், பெட்டையோ ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும்.

கண்ணை முதலில் இழுப்பது தடித்த எழுத்து. குரூப் (உயர்தரப் பந்தயங்கள், அதில் குரூப் 1-தான் உச்சம்) அல்லது லிஸ்டட் (அதற்கு அடுத்த படி) பந்தயத்தில் வென்ற குதிரையின் பெயர் தடித்த பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வந்ததற்குத் தடித்த சின்ன எழுத்து. இதைத்தான் தொழிலில் ‘பிளாக் டைப்’ என்கிறார்கள். பக்கத்தில் எத்தனை கறுப்பு என்று எண்ணுவதைவிட, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் தாய்க்குக் கீழே ஒரு லிஸ்டட் வெற்றி இருந்தால், மூன்றாவது தாய்க்குக் கீழே நான்கு குரூப் வெற்றிகள் இருப்பதைவிட மேல். குட்டியின் இரத்தத்தில் பாட்டிக்குக் கால் பங்கு, பூட்டிக்கு எட்டில் ஒரு பங்குதான். பக்கம் நான்காவது தாய்வரை ஓடினால், மேலே உள்ள மூன்று பேரும் இடத்தை நிரப்பவில்லை என்று பொருள்.

அடுத்தது, சாதுவாகத் தெரியும் சொற்கள். ‘பிளேஸ்டு’ என்றால் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ‘ஓடாதது’ என்று தாய்க்குப் போட்டிருந்தால் காயமா, திறமைக்குறைவா என்று விற்பவரையே கேளுங்கள். இரண்டாவது தாயின் பத்தியில் ‘இவை உட்பட’ என்று தொடங்கினால், உட்படாதவை எத்தனை என்பதுதான் கேள்வி. முதல் தாயின் பத்தியில் ஓடும் வயதை எட்டிய குட்டிகள் எத்தனை, ஓடியவை எத்தனை, ஜெயித்தவை எத்தனை என்று எண்கள் வரும். ஏழு குட்டிகளில் மூன்றுதான் ஓடின என்றால், அந்தக் குடும்பத்தின் கால் எலும்பைச் சந்தேகிக்கத் தொடங்கலாம். குட்டிகளின் பிறந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். இடையில் விழும் ஓட்டை, தாய் சினை நிற்காத ஆண்டாகவோ குட்டி இறந்த ஆண்டாகவோ இருக்கலாம். பெண் குட்டியைப் பின்னால் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இது பெரிய விஷயம்.

பரிசுப் பணத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். ஜப்பானில் சாதாரண வெற்றிக்குக் கிடைக்கும் தொகை, இங்கிலாந்தில் ஒரு லிஸ்டட் வெற்றிக்குக் கிடைப்பதைத் தாண்டிவிடும்.

இனி பக்கத்தின் பெரிய குறை. அது கடந்த காலத்தைத்தான் சொல்கிறது, அதிலும் உறவுக்காரர்களின் கடந்த காலத்தை. 1975-ல் கென்டக்கி ஏலமொன்றில் மை சார்மர் என்ற பெட்டையின் ஆண் குட்டி 17,500 டாலருக்குப் போனது. அது சியாட்டில் ஸ்லூ. 1977-ல் தோல்வியே காணாமல் அமெரிக்க டிரிபிள் கிரௌனை (மூன்று பெரிய பந்தயங்கள்) வென்றது. அதே தாய்க்கு நார்தர்ன் டான்சர் மூலம் பிறந்த லோமண்ட் 1983-ல் இங்கிலாந்தின் ‘2000 கினிஸ்’ என்ற பந்தயத்தை வென்றது. 1985-ல் அதே தாயின் இன்னொரு ஆண் குட்டி, நிஜின்ஸ்கிக்குப் பிறந்தது, கீன்லேண்ட் ஏலத்துக்கு வந்தபோது விலை 1 கோடியே 31 லட்சம் டாலர். சியாட்டில் டான்சர் என்று பெயர் வைத்தார்கள். நல்ல குதிரைதான், ஆனால் அண்ணன்களின் அருகில்கூட வரவில்லை. தாய் மாறவில்லை, பத்தே ஆண்டில் பக்கம்தான் கொழுத்தது. கொழுத்த பக்கத்துக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி ஏற்கெனவே ஓடி முடித்த குதிரைகளுக்கானது.

தோல்வியே காணாத ஃபிராங்கெல் என்ற குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜட்மான்ட் பண்ணையின் சொந்தக் குட்டி, 2008 பிப்ரவரி 11-ல் பிறந்தது, ஏலத்துக்கே வரவில்லை. வந்திருந்தால் 2009 அக்டோபரில் பக்கம் எப்படி இருந்திருக்கும்? தகப்பன் கலிலியோ, 2001 டெர்பி வென்றவர். தாய் கைண்ட், டேன்ஹில்லின் மகள், குறுந்தூரத்தில் ஆறு வெற்றி, அவற்றில் லிஸ்டட் பந்தயங்களும் உண்டு. பாட்டி ரெயின்போ லேக், லங்காஷயர் ஓக்ஸ் வென்றவள். ஆர்லிங்டன் மில்லியன் வென்ற பவர்ஸ்கோர்ட்டின் தாய். அருமையான பக்கம். ஆனால் 14 பந்தயம், 14 வெற்றி என்று சொல்லும் எந்தக் குறிப்பும் அதில் இருந்திருக்காது. அடுத்த ஆண்டே அதே ஜோடிக்குப் பிறந்த நோபிள் மிஷனுக்கும் எழுத்துக்கு எழுத்து அதே வம்சம். ஃபிராங்கெல் இரண்டு வயதிலேயே டியூஹர்ஸ்ட் என்ற குரூப் 1 பந்தயத்தை வென்றுவிட்டது. தம்பிக்கு முதல் குரூப் 1 கிடைத்தது ஐந்து வயதில், 2014-ல். உடன்பிறப்புகள் என்றாலும் பெற்றோரிடமிருந்து ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கலவைதான் வந்து சேரும்.

கலிலியோவும் டேன்ஹில் மகளும் சேர்ந்தால் வெற்றி என்ற சூத்திரம் அந்த நாட்களில் ஏலக்கூடங்களில் பலமாக ஓடியது. டியோஃபிலோ, ஹைலேண்ட் ரீல், ஃபிராங்கெல் என்று சான்று காட்டலாம். ஆனால் கலிலியோவிடம் பெட்டையைச் சேர்க்கும் கட்டணத்தைக் கொடுக்கக்கூடியவர்கள் தங்கள் ஆகச் சிறந்த டேன்ஹில் பெட்டைகளைத்தான் அனுப்பினார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். அதே பெட்டைகள் வேறு நல்ல பொலிகுதிரையிடம் போனபோது எப்படிப் பெற்றன என்று ஒப்பிடாமல் எந்தச் சேர்க்கையின் வெற்றி விகிதத்துக்கும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உள்வம்சக் கலப்பையும், அதாவது ஒரே மூதாதை இருபுறமும் வருவதையும், நீங்களேதான் தேட வேண்டும். ஃபிராங்கெலில் நார்தர்ன் டான்சர் தகப்பன் பக்கம் மூன்றாவது தலைமுறையிலும் தாய் பக்கம் நான்காவதிலும் வருகிறது. மூன்று தலைமுறைக் கட்டத்தில் இரண்டாவது வருகை தெரியவே தெரியாது.

பிறந்த தேதி மேலேயே இருக்கும், பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வடகோளத்தில் எல்லாக் குட்டிக்கும் ஜனவரி 1-ல் ஒரு வயது கூடும். பிப்ரவரிக் குட்டியும் மேக் குட்டியும் ஒரே வளையத்தில் சுற்றும்போது மே குட்டி சின்னதாகத்தான் தெரியும். பின்னாளில் பெரும் பொலிகுதிரையான நார்தர்ன் டான்சர் மே 27-ல் பிறந்தது. ஒரு வயதில் 25,000 டாலருக்குக் கூட வாங்க ஆள் வரவில்லை.

தகப்பனின் கட்டணம் பக்கத்தில் இருக்காது. ஏல ஆண்டிலிருந்து இரண்டைக் கழித்து, அந்தப் பருவத்தின் கட்டணத்தைத் தேடுங்கள். ஃபிராங்கெலுக்கு 2013-ல் 1,25,000 பவுண்டு, 2024-ல் 3,50,000. விற்பவர் எந்த விலைக்குக் கீழே இறங்க மாட்டார் என்பதை ஊகிக்க இதுதான் சுருக்கு வழி.

கால், நடை, மூச்சு எதுவும் காகிதத்தில் இல்லை. முன்னங்கால் முட்டி பின்பக்கம் வளைந்திருந்தால் வேகத்தில் முட்டி எலும்பு சிதறும் அபாயம் கூடும். வம்சம் எவ்வளவு பெரிதானாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். எக்ஸ்ரேக்களை உங்கள் கால்நடை மருத்துவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். குரல்வளையின் ஒரு பக்கம் செயலிழந்த குதிரை ஓடும்போது இரையும், காற்றுப் போதாமல் பின்தங்கும். குழாய்க் கேமராவால் தொண்டைக்குள் பார்க்கும் உள்நோக்கிச் சோதனை இல்லாமல் அது தெரியாது. கட்டை கடித்துக் காற்று விழுங்குவது, கொட்டிலுக்குள் ஓயாமல் சுற்றுவது, தலையை இருபக்கமும் ஆட்டிக்கொண்டே நிற்பது ஆகியவை அறிவிக்க வேண்டிய பழக்கங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு குறுகியது, விற்பனை விதிகளை ஏலத்துக்கு முந்தின நாளே படித்துவிடுங்கள்.

தூரத்தை ஊகிக்கப் பக்கம் ஓரளவுதான் உதவும். 2010-ல் டப்ளின் ஆய்வாளர்கள் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஒரு மாறுபாட்டைக் காட்டினார்கள். அதன் இரு வடிவங்கள் சி, டி. சி-சி என்றால் குறுந்தூரம், டி-டி என்றால் நெடுந்தூரம், கலந்தது நடுத்தூரம். சோதனை காசுக்குக் கிடைக்கிறது. அது எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லும், எவ்வளவு நல்ல குதிரை என்பதைச் சொல்லாது.

கேட்டலாக் அச்சான பிறகு அண்ணன் அக்காக்கள் ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள், அதனால் ஏல நாள்வரை புதுச் செய்திகள் இணையத்தில் சேரும். அங்கே வெற்றிகள் உடனுக்குடன் ஏறும். கடைசியாக வந்து நின்ற அக்காவைப் பற்றி யாரும் சேர்க்க மாட்டார்கள், அதைப் பந்தய முடிவுகளில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.