அம்மாவும் மனைவியும் சேர்ந்து மாட்டிவிட்ட அயர்ன் மேன் சூட்

விலை 1,100 டாலர். புதிதல்ல. நியூஜெர்சியில் எங்கள் ஊர் எடிசனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒருவர், தன் கையாலேயே செய்து, நான்கு தடவை போட்டுவிட்டு விற்றது. அவர் பெயர் இங்கே வேண்டாம். நல்ல கைக்காரர்தான், ஆனால் கீழே நான் குறை சொல்லப்போவதில் பாதி அவர் வேலையைப் பற்றித்தான்.

2008-இல் வந்த முதல் அயர்ன் மேன் படத்தில் நாயகன் டோனி ஸ்டார்க் போட்டுக்கொண்டு பறப்பாரே, சிவப்பும் தங்கமுமாக, அந்த மார்க் 3, அதாவது அவருடைய மூன்றாவது கவசம். மொத்தம் 20 துண்டுகள். வாங்கி வந்த அன்றே எல்லாவற்றையும் இரண்டு பெரிய சூட்கேஸ்களில் அடுக்கி, ஊருக்குப் போகும்போது எடுக்கிற லக்கேஜ் தராசில் தொங்கவிட்டேன். பெட்டிகளின் எடையைக் கழித்தால் 8.7 கிலோ. விமானத்தில் ஒரு பெட்டிக்குத் தருகிற 23 கிலோவில் பாதிகூட இல்லை. கதையில் இது தங்கமும் டைட்டானியமும் கலந்த உலோகம். என் கையில் இருந்தது ஈவிஏ ஃபோம். குழந்தைகள் விழுந்தால் அடிபடாமல் இருக்கத் தரையில் பதிப்பார்களே, அதே சரக்கு.

ஆனால் மூன்றடி தள்ளி நின்றால் சத்தியமாகத் தெரியாது. ஃபோமை ஹீட் கன்னால் சூடுகாட்டி மேல்தோலை இறுக்கி, ரப்பர் பூச்சு கொடுத்து, அதன்மேல் வெள்ளிப் பெயின்ட், அதற்கும் மேல் ஒளி ஊடுருவுகிற சிவப்பு, கடைசியில் கிளியர் கோட். வெயிலில் பிடித்தால் சிவப்புக்கு அடியிலிருந்து வெள்ளி எட்டிப்பார்க்கும். புது காரின் பானட் மாதிரி. இந்த ஒரு வேலைக்கே பாதிப் பணம் தகும். இந்தச் சிவப்பும் ஆரம்பத்தில் இருந்ததில்லை. 1963-இல் மார்வெல் காமிக்ஸில் முதன்முதலாக வந்தபோது அந்தக் கவசம் சாம்பல் நிறம், கிட்டத்தட்ட ஒரு பாய்லர். அடுத்த இதழிலேயே தங்க முலாம் ஏறியது. சிவப்பும் தங்கமும் சேர்ந்தது அந்த வருடக் கடைசியில்தான்.

நான் அமெரிக்கா வருவதற்கு முன் அம்பத்தூரில், தொழிற்சாலைக்கு வேண்டிய அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் எட்டு வருடம் இருந்தவன். எதைப் பார்த்தாலும் கீல் எங்கே, பூட்டு எங்கே என்றுதான் கண் போகும். இந்த சூட்டில் கண் போன இடமெல்லாம் எல்லாம் ஒழுங்கு, ஒன்றைத் தவிர: போட்டுக்கொள்பவனின் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பூட்டுகூட இல்லை. தோள் பக்கிள் முதுகில். இடுப்புப் பட்டை முதுகில். முன்கைத் துண்டை மூடுகிற வெல்க்ரோ முழங்கைக்குப் பின்னால். கையுறை போட்ட பிறகு மூக்கைச் சொறியக்கூட இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் என் விஷயத்தில் இரண்டு பேர். மனைவி, அப்புறம் திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த அம்மா. முதல் ஒத்திகையில் 50 நிமிடம் ஆனது. பழகிய பிறகு 35. கீழிருந்து மேலே போக வேண்டும்: கெண்டைக்கால், தொடை, இடுப்பு, வயிறு, அப்புறம் மார்பையும் முதுகையும் சேர்த்து மூடி, கைகள், கழுத்து, ஹெல்மெட். கையுறை கடைசி. வரிசை ஒன்று தப்பினாலும் மறுபடி எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். அம்மா மார்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, அம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாத்துத மாதிரில்லா இருக்கு. அங்க திரை போட்டுருவாவ, இங்க அதுவும் இல்ல" என்றார்.

சிரித்துவிட்டேன், ஆனால் அது சரியான பார்வை. படத்திலும் ஸ்டார்க் தனியாகப் போட்டுக்கொள்வதில்லை. தரையிலிருந்து ரோபோ கைகள் கிளம்பி வந்து ஸ்க்ரூ முடுக்கும். அறுபதுகளின் காமிக்ஸில் மட்டும் மொத்தக் கவசத்தையும் மடித்து ஆபீஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு அலைவார். என் இரண்டு சூட்கேஸ்களைப் பார்த்தபோது பொறாமையாகத்தான் இருந்தது.

காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் வேடம் போட்டுக்கொண்டு கூடுகிற நியூயார்க் காமிக் கானுக்கு 2024 அக்டோபரில் போனேன். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பூஜையன்று என் லேப்டாப், மகனின் சைக்கிள், காரோடு ஹெல்மெட்டுக்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். நெற்றி நடுவில். நான் பார்ப்பதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது, குங்குமம் கிளியர் கோட்டில் இறங்கிவிட்டது. துடைத்துப் பார்த்தேன், சிவப்பில் ஒரு அடர்சிவப்பு வட்டம் நின்றுவிட்டது. ஆகவே வாங்குகிறவர்கள் கவனிக்க: பூச்சு பார்க்க கார் பெயின்ட் மாதிரி, தாங்குவதில் அப்படி இல்லை. காமிக் கானில் ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு இது எந்த மார்க் என்று கேட்டான். திருநெல்வேலி மார்க் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

காமிக் கான் நடந்த ஜேவிட்ஸ் சென்டர் என்பது மன்ஹாட்டனில் 34-ஆம் தெருவின் மேற்குக் கோடியில், ஆற்றை ஒட்டி இருக்கிற கண்ணாடி மண்டபம். பக்கத்தில் நண்பர் ஒருவர் எடுத்திருந்த ஹோட்டல் அறையில் மாட்டிக்கொண்டு, மனைவியும் மகனும் இரண்டு பக்கமும் வர, நடந்து போனேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தெரிவது இரண்டு கீற்றுதான். அதன் ஓரத்தில் எல்இடி எரிவதால் வெளியே இருப்பவர்களுக்கு என் கண் ஜொலிக்கும், எனக்கு இருட்டில் டார்ச் அடித்த மாதிரி இருக்கும். தரை தெரியாது. படி வந்தால் மகன், "அப்பா, படி, மூணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். உட்காரவும் முடியாது, தொடைத் துண்டின் மேல்விளிம்பு இடுப்பில் குத்தும். ஐந்து மணி நேரம் நின்றேன்.

முகத்தட்டு தானாகத் திறக்கும். தாடை ஓரத்தில் ஒரு பொத்தான், உள்ளே இரண்டு சின்ன சர்வோ மோட்டார், அவற்றை இயக்க ஆர்டுயினோ என்கிற குட்டிக் கணினி போர்டு ஒன்று. கூட்டத்தில் தட்டு மேலேறும்போது கிடைக்கிற கூச்சல் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை போடலாம். மூடும்போதுதான் சிக்கல். என் மூக்கு கொஞ்சம் நீளம். தட்டு இறங்குகிறபோதெல்லாம் நுனியில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் பூட்டிக்கொள்ளும். 1974-இல் காமிக்ஸ்காரர்கள் இந்த முகமூடிக்கு ஒரு மூக்கு வைத்து வரைந்தார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க அந்த மூக்குக்காக ஏங்கினேன்.

சூடு. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபோம் காற்றையும் விடாது, வேர்வையையும் விடாது. ஹெல்மெட்டில் ஒரே ஒரு குட்டி ஃபேன், அதுவும் பிடரியில் இருக்கிற காற்றையே எடுத்து நெற்றிக்கு அனுப்புகிறது. வெந்நீர் அண்டா மேல் முகத்தை வைத்துக்கொண்டு ஆவி பிடிக்கிற சுகம்தான். வெளியே ஜில்லென்று இருந்தது, உள்ளே பனியனைப் பிழிந்திருக்கலாம். தண்ணீர் குடிக்க ஸ்ட்ரா உண்டு. அதைக் குடித்தால் அடுத்த பிரச்சினை வரும். பாத்ரூம் போக இடுப்புத் துண்டைக் கழற்ற வேண்டும், அதற்கு வயிற்றுத் துண்டு, அதற்கு மார்பு. ஆகவே காலையில் காபியோடு நிறுத்திக்கொண்டேன். அறிவுரையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மணிக்கு மார்பு விளக்கு மங்கியது. கண், மார்பு, இரண்டு உள்ளங்கை, ஃபேன் எல்லாம் முதுகில் இருக்கிற ஒரே பவர் பேங்கில் ஓடுகின்றன. போன் சார்ஜ் ஏற்ற வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவில், சுவரில் முதுகைச் சாய்த்து, மனைவி வயரைச் செருக, நான் இருபது நிமிடம் நின்றேன். அந்த இடத்தில்தான் பழைய காமிக்ஸ் ஞாபகம் வந்தது. அதில் ஸ்டார்க்கின் இதயம் நிற்காமல் இருக்க மார்புத் தகடு ஓட வேண்டும். சார்ஜ் இறங்க இறங்க, மனிதர் வியர்த்து விறுவிறுத்து எங்கேயாவது சுவரில் பிளக் பாயின்ட் தேடி ஓடுவார். அறுபது வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதியதை நான் அப்படியே நடித்துக்கொண்டிருந்தேன், யாரும் படம் எடுக்கவில்லை.

நிஜ சூட்காரர்களுக்கும் இதே தலைவலிதான். அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படை 2013-இல் டாலோஸ் என்று ஒரு கவச சூட் திட்டம் ஆரம்பித்தது, பத்திரிகைகள் அயர்ன் மேன் சூட் என்றே எழுதின. மோட்டார் வைத்த உடம்பை ஓட்டுவதற்கு மின்சாரத்தை எங்கே சுமப்பது என்பது அவர்களுடைய பெரிய முட்டுக்கட்டைகளில் ஒன்று. 2019-இல் முழு சூட் கைவிடப்பட்டது. பறக்க வேண்டும் என்றால் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிரவுனிங் செய்த ஜெட் சூட் இருக்கிறது. கையிலும் முதுகிலும் குட்டி ஜெட் இன்ஜின்கள், 2019-இல் மணிக்கு 136.89 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து கின்னஸ் சாதனை செய்தார். லண்டன் கடையில் 3,40,000 பவுண்டுக்கு விற்பனைக்கு வைத்தார்கள். எரிபொருள் சில நிமிடங்களுக்குத்தான். கவசம் எதுவும் கிடையாது. என்னுடையது பறக்காது, ஆனால் எரிபொருள் வாசனை வராது.

கைவேலைக் குறை இன்னும் இரண்டு. கான் முடிந்த மறுநாள் பெட்டிகளைக் காரில் வைத்துவிட்டு மறந்தேன். ஒரு மதிய வெயில். இடது தொடையின் ஒட்டு நீளவாட்டில் பிளந்துவிட்டது. ஒட்டுப்பசை வெப்பத்தில் இளகும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்தது, வலது கையுறையின் கட்டைவிரல் துண்டு. வெறும் இரண்டு மில்லிமீட்டர் ஃபோம், மடங்குகிற இடத்தில் பெயின்ட் வெடித்து வெள்ளை தெரிகிறது. கைகுலுக்க வருகிற குழந்தைகள் எல்லோரும் அந்த விரலைத்தான் பிடிக்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை போடுவேன். ஐந்தடி எட்டு அங்குலம் வரை சரியாக வரும், அதற்கு மேல் உயரம் என்றால் முழங்காலில் இடைவெளி தெரியும். வீட்டில் பொறுமையான ஆள் ஒருவராவது இல்லையென்றால் வாங்காதீர்கள். விலையைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: 2008 படத்தில் பயன்படுத்திய அசல் சூட் ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக் கிடங்கிலிருந்து 2018-இல் காணாமல் போனபோது போலீஸ் சொன்ன மதிப்பு 3,25,000 டாலர்.

பக்கிள்களை முன்பக்கம் கொண்டுவர ஆரம்பித்துவிட்டேன். இடது தோள் முடிந்தது, ஒரே கையால் பூட்ட வருகிறது. அம்மா ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் போனில், "அந்தக் கவசத்த இப்ப யாரு மாட்டிவிடுதா?" என்று கேட்டார். வலது தோள் இன்னும் மனைவிதான் என்றேன்.